கரம்பொன் பம்பி ஒழுகுகிறது

கரம்பொன்,
12.01.2025

அன்புள்ள சிஸ்டர் மச்சாளுக்கு,

இந்த நேரத்தில் எழுத இருந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். ஊர் படுத்துவிட்டது. பிள்ளை நிலக்சனாவும் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன், வரி கோணினால் நித்திரைக் கலக்கம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மடத்தில் இந்நேரம் எழும்பிச் செபம் சொல்வீர்கள் என்று உங்கள் தம்பி சொல்கிறார். அப்படியானால் இந்தக் குடும்பத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் விழித்திருக்கிறோம்.

உங்கள் முழங்கால் நோ எப்படி? இங்கே மாமிக்குச் சுகம். மாமாவின் இருமல் நின்று, திரும்பவும் தொழிலுக்குப் போகிறார். பிள்ளைக்குப் பல் முளைக்கிறது. இரவில் அவள் அழாவிட்டால் எனக்குப் பயம், மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

ஒரு சந்தோசமான செய்தி. கடல் தண்ணீரை நல்லதண்ணி ஆக்கும் நிலையம் ஒன்றை எங்கள் கடற்றொழிலாளர் சங்கம் கரையில் கட்டுகிறது. கடலில் இருந்து தண்ணீர் இழுக்கும் பெரிய பம்பியைப் பூட்டி இயக்கும் பொறுப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தது அலுமாரிக்குள் கிடந்து பூச்சி அரிக்கப்போகிறது என்று இருந்தேன். வைகாசிப் பொதுக்கூட்டம் வரையும் வேலை தற்காலிகம். பம்பி ஒழுங்காய் ஓடினால் அன்றைக்கு நிரந்தரமாக்குவார்கள்.

சங்கத் தலைவர் அரியநாயகம் ஐயா அத்திவாரக் கொங்கிறீற் காய முன்னமே பம்பியைத் தூக்கி வைக்கச் சொன்னார். காலிப் பட்டினத்தில் கடை நடத்தி ஓய்ந்தவர், எல்லாம் அன்றைக்கே முடியவேண்டும். நான் ஏலாது என்றேன். ஈரத்தில் வைத்தால் அடித்தளம் அசையும், அசைந்தால் மோட்டரின் தண்டும் பம்பியின் தண்டும் ஒரே நேரில் நில்லாது. "தங்கச்சி, உது மோட்டரோ, சாமி சிலையோ? இவ்வளவு பார்க்கிறீர்," என்றார். பிறகு குழாய். பம்பியின் வாய்க்கும் குழாய்க்கும் இடையில் இரண்டு விரல் வெளி. பெடியள் கயிறு போட்டு இழுத்துப் பூட்டப் பார்த்தார்கள். கழற்றச் சொல்லி, குழாய் தானாய் வந்து வாயில் இருக்கும்படி வெட்டிச் செய்வித்தேன். இழுத்துப் பூட்டினால் அந்த இழுவை முழுக்கப் பம்பியின் கழுத்தில்தான். மாமா வந்து பார்த்துவிட்டு, "ஓம், பேசிச் செய்யிற கலியாணத்திலையும் மனம் ஒத்து வரவேணும்," என்றார்.

மோட்டரையும் பம்பியையும் தொடுக்கும் இடம் வேகமாய்ச் சுற்றும். அதற்குக் கம்பிவலையால் ஒரு கூடு அடித்து மூடியிருக்கிறேன். "கோழியை அடைச்சாச்சு, முட்டை எப்ப?" என்று அந்தப் பெடியளில் ஒருவன், டினேஷ், கேட்கிறான். கேட்கட்டும்.

மாமா மட்டும் புளியங்கூடல் வரையும் போய், "என்ரை மருமகள் எஞ்சினியர்" என்று சொல்லித் திரிகிறார். நான் டிப்ளோமாதான் என்று சொன்னேன். "அதைவிடக் குறைஞ்சதோ எஞ்சினியர்?" என்றார்.

எனக்காகச் செபியுங்கள்.

உங்கள் மச்சாள்,
ஜெனீற்றா


02.02.2025

யேசுவின் சமாதானம் உம்மோடும் வீட்டாரோடும் இருப்பதாக.

அன்புள்ள ஜெனீற்றா,

உமது கடிதம் வந்தது. முழங்கால் அப்படியேதான், ஆண்டவர் தந்தது, அவரே எடுக்கட்டும். மற்றப்படி சுகம்.

மதரின் அனுமதியோடு உமது கடிதத்தைப் பொழுதுபோக்கு நேரத்தில் வாசித்தேன். சிஸ்டர்மாருக்குக் குழாய்க் கதைதான் பிடித்தது. தோட்டத்துச் சிஸ்டர், கோழிக்கூட்டின் கம்பி எவ்வளவு நெருக்கம் என்று கேட்கச் சொன்னா. அவவுடைய கோழிகளைக் கீரி பிடிக்கிறதாம்.

பெருமை தலையான பாவங்களில் ஒன்று என்று நாங்கள் படித்திருக்கிறோம். ஆனாலும் அன்று முழுவதும் நான் பெருமையாகவே இருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமி சிரித்துவிட்டு, அது என்ன பம்பி என்று கேட்டார்.

அப்பா உம்மைப் பற்றிப் பேசித் திரிந்தால் மறிக்காதேயும். நான் மடத்துக்கு வந்தபோது அவர் ஒரு வருடம் அதை யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு, மகள் படிக்கப் போயிருக்கிறாள் என்றாராம். இப்போதாவது வாய் நிறையப் பேசட்டும்.

நீர் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்ப்பது யார்? பால் கொடுக்க என்ன செய்கிறீர்? எழுதும்.

யேசுவில்,
மேரிஜோசப்பின்


கரம்பொன்,
16.02.2025

அன்புள்ள சிஸ்டர் மச்சாளுக்கு,

கீரிக்கு எங்கள் வலை போதாது, இன்னும் நெருக்கமாய் அடிக்கச் சொல்லுங்கள். வீட்டில் எல்லாரும் சுகம். பிள்ளைக்கு இரண்டு பல் வந்துவிட்டது. என்னைத்தான் கடிக்கிறாள்.

பகலில் மாமி பார்க்கிறா. காலையில் பம்பியை ஓடவிட்டு, சத்தமும் அழுத்தமும் நிலைக்கு வந்தபின் வீட்டுக்கு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். பம்பி வீட்டுக் கதவு அந்நேரம் காற்றுக்காகத் திறந்தே கிடக்கும். அந்த இடைவெளியை நினைத்தால்தான் மனம் அடிக்கும். இங்கே இருந்தால் பம்பி, அங்கே இருந்தால் பிள்ளை.

போன கிழமை திறப்பு. சுவாமி வந்து மந்திரித்தார். புது வள்ளம் இறக்கும்போது அதன் முன் அணியத்தில் நீல நாடா கட்டுவோமே, அதைப் பம்பியின் தண்டிலே கட்ட வந்தார்கள். சுற்றுகிற சாமானில் நூல்கூடப் படக்கூடாது என்று தூணில் கட்டுவித்தேன். நானும் தோளில் சோல் போடாமல், தலைமயிரைத் துணியால் இறுக்கிக் கட்டி, உங்கள் தம்பி றெக்ஷனின் காற்சட்டையோடு நின்றேன். பெண்டுகள் வாயில் கைவைத்துப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இழுக்கிற குழாய் நிறையத் தண்ணீர் நிரப்பி, காற்றை முழுக்க வெளியே விட்டபின்தான் மோட்டரின் ஆளியைப் போட்டேன். வெறும் வயிற்றில் ஓடினால் பம்பி கருகிப்போகும். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை, சுவாமிதான் பொறுமையிழந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வந்தது, மச்சாள். முதல் கோப்பையை மாமா குடித்தார். இரண்டாவது கோப்பையும் குடித்தார்.

ஒரு சின்னக் குறை. சுற்றும் தண்டு பம்பிக்கு வெளியே வருகிற வாயில், எண்ணெய் ஊறிய கயிற்றை வளையமாய் அடைத்திருக்கும். பக்கிங் என்போம். இரண்டு நட்டு உள்ள ஒரு மூடி அதை அமுக்கிப் பிடிக்கும். முழுக்க அமுக்கக்கூடாது. துளித்துளியாய்த் தண்ணீர் சொட்டவேண்டும், அந்தத் துளிதான் கயிற்றைக் குளிர வைக்கிறது. சொட்டு நின்றால் கயிறு கருகும், பிறகு தண்டையும் தின்னும்.

டினேஷ் எல்லாருக்கும் முன்னால், "அக்கா, புது மிசினுக்குத் தடிமன். மூக்கொழுகுது," என்றான். சனம் சிரித்தது. மாமாவின் முகம் செத்துப்போயிற்று.

"ஒழுகிறதெண்டா பழுதுதானே பிள்ளை?"

"இல்லை மாமா. இது ஒழுகத்தான் வேணும்."

"கடல்லை ஒழுகவேண்டிய சாமான் ஒண்டும் நான் காணேல்லை."

விளக்கிச் சொல்ல முதல் மாமி பிள்ளையோடு வந்துவிட்டா. பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் மச்சாள்,
ஜெனீற்றா


27.02.2025

அன்புள்ள ஜெனீற்றா,

இறைவனின் அருள் உம்மைக் காக்க. இங்கே குளிர், மற்றப்படி எல்லாரும் சுகம்.

சுருக்கமாகவே எழுதுகிறேன். விபூதிப் புதன் வருகிறது. தபசுகாலத்தில் எங்களுக்குக் கடிதமில்லை, எழுதுவதும் இல்லை, வாசிப்பதும் இல்லை. நீர் எழுதும். மதர் எடுத்து வைத்திருந்து பாஸ்குத் திருநாளுக்குத் தருவா. நான் பதில் போடவில்லை என்று மனம் குறையாதேயும்.

இரண்டாவது கோப்பையும் குடித்தார் என்று வாசித்தபோது மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. ஆனால் பிறகு கேட்டா, "சொட்டுது எண்டால் பழுதுதானே?" நான் உமது விளக்கத்தைத் திரும்ப வாசித்தேன். நம்பினமாதிரித் தெரியவில்லை.

யேசுவில்,
மேரிஜோசப்பின்


கரம்பொன்,
20.03.2025

அன்புள்ள சிஸ்டர் மச்சாளுக்கு,

இது பாஸ்கு வரையும் உறைக்குள்ளேயே கிடக்கும் என்று தெரியும். என்றாலும் எழுதுகிறேன். யாருக்காவது சொல்லவேண்டும். உங்களுக்குச் சுகம்தானே? பிள்ளைக்குச் சுகம். மாமி வெள்ளிக்கிழமையில் ஒருநேரம் மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடிக்கிறா. மாமா வழமைபோல.

பம்பி கருகிவிட்டது. பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன், வாசலிலேயே சுட்ட கயிற்று மணம். ஆளியை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தால் ஒரு சொட்டும் இல்லை. பக்கிங் கரியாய்க் கிடக்கிறது. மூடியின் நட்டுகள் முழுக்க இறுகியிருந்தன. நான்தான் இறுக்கினேனா? இரவு முழுக்கப் பிள்ளை படுக்கவிடாத நாள் அது. நித்திரைத் தூக்கத்தில் ஒரு சுற்று கூடச் சுற்றிவிட்டேனோ என்று நினைத்து நினைத்து எனக்கே என் கையில் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. தண்டுகள் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று திரும்பவும் பார்த்தேன். மயிரிழை பிசகில்லை.

யாழ்ப்பாணம் போய்ப் பக்கிங் வாங்கிவந்து போடும்வரையும் பவுசர்தான் தண்ணீர் கொண்டுவந்தது. வாளியோடு வரிசையில் நின்ற பெண்டுகள் ஒன்றும் சொல்லவில்லை. அரியநாயகம் ஐயாதான் சொன்னார். கோபமாய் இல்லை, அதுதான் கூட நொந்தது.

"தங்கச்சி, நீர் கெட்டிக்காரிதான். ஆனா கைப்பிள்ளையோடை இது உமக்குப் பாரம். பொதுக்கூட்டத்திலை யோசிப்பம்."

மாமா பக்கத்தில் நின்றார். வீட்டுக்கு வரும் வழியில், "யோசியாதை பிள்ளை. இனி ஒழுகாமல் பாத்தாச் சரி. நான் இருக்கிறன்தானே," என்றார். அவருடைய ஆறுதல் அவருக்கு.

உங்கள் மச்சாள்,
ஜெனீற்றா


கரம்பொன்,
09.04.2025

அன்புள்ள சிஸ்டர் மச்சாளுக்கு,

சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிள்ளை பிடித்துப் பிடித்து நடக்கிறாள். மாமியின் பிரசர் குறைந்திருக்கிறது. றெக்ஷனுக்கு இந்த மாதம் மீன்பாடு நல்லது, திருக்கை பட்டது.

பம்பி இரண்டாம் முறையும் கருகிவிட்டது. இந்தமுறை தண்டின் மேல் போட்டிருந்த உறையும் அரிந்துவிட்டது. கொழும்பில் இருந்து வரவேண்டும். வரும்வரை பவுசர். பொதுக்கூட்டம் வைகாசி பதினோராம் திகதி. பட்டணத்தில் இருந்து ஆள் எடுப்பது என்று அரியநாயகம் ஐயா தீர்மானம் கொண்டுவரப் போகிறார்.

காரணம் தெரிந்துவிட்டது. பிழை என்னுடைய பூட்டலில் இல்லை. அதற்குமேல் எழுத ஏலாமல் இருக்கிறது. மூடிக்குப் பின்னால் தண்டு வெளியே தெரியும் ஒரு சின்ன இடைவெளி, அதை நான் மூடாமல் விட்டிருந்தேன். இப்போது தகரத்தில் ஒரு மறைப்பு வெட்டிப் பூட்டிவிட்டேன். முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஆளிக்கும் பூட்டுப் போட்டாயிற்று, திறப்பு என் கழுத்துச் சங்கிலியில். யாருக்கும் பெரிய காயமில்லை.

குருத்தோலை ஞாயிறுக்குப் பிள்ளையைக் கோவிலுக்குக் கொண்டுபோகிறோம். வேறு புதினமில்லை.

ஜெனீற்றா


23.04.2025

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உம்மோடு.

அன்புள்ள ஜெனீற்றா,

பாஸ்குத் திங்கள் மதர் இரண்டு கடிதங்களையும் தந்தா. ஒரே இருப்பில் வாசித்தேன். முழங்காலுக்கு எண்ணெய் போட்டு இப்போது பரவாயில்லை. அதை விடும்.

உமது கடைசிக் கடிதத்தில் பிள்ளை இருக்கிறாள், அம்மா இருக்கிறா, தம்பி இருக்கிறான், தம்பி பிடித்த திருக்கைகூட இருக்கிறது. அப்பா இல்லை. தைமாதம் தொடக்கம் நீர் எழுதிய எல்லாவற்றிலும் அவர் வருவார், பேசுவார், ஊர் சுற்றுவார். இதில் அவர் சுகம் என்றுகூட ஒரு வரி இல்லை.

"பெரிய காயமில்லை" என்று எழுதியிருக்கிறீர். சின்னக் காயம் யாருக்கு?

ஒன்று சொல்கிறேன். போனமுறை அப்பா என்னைப் பார்க்க வந்தபோது பேச்சறை மூலையில் ஒரு தண்ணீர்ப் பைப் சொட்டிக்கொண்டிருந்தது. என்னோடு பேசினது கொஞ்சம், அதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் கூட. போகும்போது எழும்பிப்போய் அதை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுப் போனார். பிறகு ஒரு கிழமை எங்களில் ஒருவராலும் அதைத் திறக்க ஏலவில்லை.

அப்பா என்ன செய்தவர், ஜெனீற்றா? மறைக்காமல் எழுதும். நான் அவருடைய மகள்.

மேரிஜோசப்பின்


கரம்பொன்,
30.04.2025

அன்புள்ள சிஸ்டர் மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்டவுடன் அழுதுவிட்டேன். மாமி பயந்து, மடத்தில் யாருக்கும் சுகமில்லையோ என்று கேட்டா. இல்லை, எல்லாருக்கும் சுகம் என்றேன்.

இரண்டாம் முறை கருகிய அன்றைக்கு நான் வீட்டிலிருந்து திரும்பும்போது யாரோ ஆளியை நிற்பாட்டியிருந்தார்கள். சுட்ட மணம் இருந்தது. மூடிக்குப் பின்னால், அந்தச் சின்ன இடைவெளியில், தண்டைச் சுற்றி நீலக் கட்டம் போட்ட சேட்டுத் துணி ஒரு கீலம் இறுகச் சுற்றிக் கிடந்தது. அந்தச் சேட்டைத் தோய்க்கிறது நான். அறுத்து எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். ஒருவருக்கும் காட்டவில்லை, றெக்ஷனுக்கும்.

அதற்குப் பிறகு மாமா இந்தச் சித்திரை வெயிலில் முழுக்கைச் சேட்டோடு திரிகிறார். கை முட்டிவரை தோல் உரிந்திருக்கிறதாம், வலைக்கயிறு அறுத்தது என்று மாமிக்குச் சொல்லியிருக்கிறார். காலையில் தொழிலால் வந்து, நான் பால் கொடுக்கப் போகிற நேரத்தில், ஓடுகிற பம்பிக்குள் கையை விட்டு நட்டை இறுக்கியிருக்கிறார். என்னைக் கெடுக்கவா? என்னை ஒருவரும் நக்கலடித்து நெளிக்கக்கூடாது என்று. அவருக்குத் தெரிந்த உலகத்தில் ஒழுகினால் ஆள் தாழும். வள்ளத்தில் பொட்டு ஈரம் கண்டாலும் அதை அடைத்துவிட்டுத்தான் சாப்பிட இருப்பார்.

இப்போது நான் என்ன செய்ய? கூட்டத்தில் சொன்னால் வேலை மிஞ்சும். ஆனால் சங்கத்தில் மூத்த ஆள் அவர், முன்வரிசைக் கதிரையில் இருப்பவர். மருமகள் மாமனைச் சபையில் நிறுத்தினாள் என்று வேலணை வரையும் போகும். சொல்லாவிட்டால் வேலை போகும். எனக்குப் பிறகு வருகிறவனுக்கும் அந்தச் சொட்டு இருக்கும், மாமாவுக்கும் அந்தக் கை இருக்கும். இந்தமுறை துணி போனது, அடுத்தமுறை? ஒரு கையளவு தகரத்தில் முடிகிற காரியத்தை விட்டது நான். அந்தக் குற்றம் எனக்குத்தான்.

வீட்டில் தனியே சொல்லப் பார்த்தேன். "மாமா, அந்தப் பம்பி..." என்று தொடங்க, "வலை கிடக்குது பிள்ளை, பொத்தவேணும்" என்று எழும்பிப் போய்விட்டார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

நீங்கள் அவருடைய மகள். எப்படிச் சொன்னால் தாங்குவார் என்று சொல்லுங்கள். பதினோராம் திகதி.

ஜெனீற்றா


06.05.2025

அன்புள்ள ஜெனீற்றா,

ஆண்டவர் உமக்குத் தைரியம் தருவாராக. பிள்ளையைக் கொஞ்சினதாகச் சொல்லும்.

சபையில் சொல்லாதேயும். தனியே சொல்லும். அவர் எழும்பிப் போனால் பின்னால் போம், வலை பொத்தினால் பக்கத்தில் இருந்து நீரும் பொத்தும். கடலில் ஆபத்து என்றால் அவர் கேட்பார், பழுது என்றால் கேட்கமாட்டார். ஆகையால் பழுதைப் பற்றிப் பேசாதேயும், கையைப் பற்றிப் பேசும்.

வேலை போனால் வேறு வேலை வரும் என்று எழுதத்தான் வந்தேன். எழுத மனம் வரவில்லை. அந்த வேலை உமக்கு வேண்டும். எனக்கும் வேண்டும்.

மேரிஜோசப்பின்


கரம்பொன்,
18.05.2025

அன்புள்ள சிஸ்டர் மச்சாளுக்கு,

எல்லாரும் சுகம். மாமா சுகம், அவரை முதலில் எழுதுகிறேன். கையில் புதுத் தோல் வந்துவிட்டது, அரைக்கைச் சேட்டுத்தான் போடுகிறார். உங்கள் கடிதம் வெசாக் விடுமுறைக்குள் அகப்பட்டுக் கூட்டம் முடிந்த பிறகுதான் கையில் கிடைத்தது. நீங்கள் சொன்னதற்கு முழு மாறாகச் செய்துவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுத் தண்டு உறை கூட்டத்துக்கு முந்தின கிழமை வந்தது. பூட்டினேன். கூட்டத்தன்று அரியநாயகம் ஐயா தீர்மானத்தை வாசிக்க எழும்பினார். வாசிக்க முதல் எல்லாரும் ஒருக்கால் பம்பி வீட்டுக்கு வரவேண்டும் என்று கேட்டேன். வந்தார்கள். வாசலிலும் ஜன்னலிலும் தலை.

பம்பியை ஓடவிட்டேன். சொட்டிக்கொண்டிருந்தது. "இதைத்தானே எல்லாரும் ஒழுக்கு எண்டு சொல்லுறியள்? இப்ப நிப்பாட்டுறன், பாருங்கோ," என்று சொல்லி, சேட்டுக் கையை மடித்துக் கட்டி, தகர மறைப்பின் சின்னத் துவாரத்தால் நீட்டுப்பிடி ஸ்பனரை விட்டு, இறுக்கினேன். சொட்டு நின்றது. பின்னுக்கு ஆரோ, "இப்ப சரி" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் மணத்தது. அரியநாயகம் ஐயாவின் கையைப் பிடித்து மூடிக்குப் பக்கத்தில், வெளி இரும்பில் வைத்தேன். வெடுக்கென்று எடுத்தார். திரும்பவும் தளர்த்தினேன். சொட்டத் தொடங்கியது, மணம் அடங்கியது.

"வள்ளத்துக்கு ஒழுக்கு எமன். இதுக்கு ஒழுக்குத்தான் மூச்சு," என்றேன். "இதை இறுக்கினது ஆரெண்டு நான் கேக்கேல்லை. இனி ஒருத்தரும் உள்ளை கையை விடவேண்டாம். வேலை போனாலும் பரவாயில்லை, கை போகக்கூடாது." எவரையும் பார்க்காமல் பம்பியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

மாமா முன்னுக்கு வந்தார். சேட்டுக் கையை முட்டிக்கு மேலே சுருட்டி எல்லாருக்கும் காட்டினார்.

"நான்தான் இறுக்கினனான். என்ரை மருமகள் பூட்டின மிசினை ஒருத்தரும் ஒழுகுது எண்டு சொல்லப்படாது எண்டு இறுக்கினனான். ரெண்டுதரமும்."

எனக்குத் தரை பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. அப்போது ஜன்னலால் டினேஷ், "குருசுமுத்து மாமா, ரெண்டாம்தரம் நீங்கள் வர முதல் நானும் ஒருக்கா இறுக்கினனான்," என்றான். அன்றைக்கு மூக்கொழுகுது என்று நெளித்ததற்குக் கவலையாய் இருந்ததாம். கோவிலுக்கு மணியடிக்கிற அந்தோனி அண்ணை, "நான் கையாலைதான், மெல்லமா," என்றார். இன்னும் இரண்டு பேர் கை தூக்கினார்கள். மாமா திரும்பி அவர்களைப் பார்த்து, "அதுதானே பாத்தன், நான் வரேக்கை ஏற்கெனவே இறுகிக் கிடந்தது. பிள்ளைதான் இறுக்கிவிட்டுப் போட்டுது, இன்னும் காணாது எண்டு நினைச்சன்," என்றார்.

சிரிப்பு அடங்கும்வரை அரியநாயகம் ஐயா தீர்மானக் கடுதாசியை மடித்துக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நானும் ஒருக்கா... சும்மா ஒரு அரைச் சுத்து. கடையிலை எண்ணெய்ப் பீப்பா சொட்டினாலும் எனக்குக் கண்ணிலை காட்டேலாது."

பங்குனி முழுக்க நான் என் கையைச் சந்தேகித்துக்கொண்டு கிடந்தேன், மச்சாள். ஊரே ஒளித்து ஒளித்து வந்து எனக்கு உதவி செய்திருக்கிறது.

கடுதாசி வாசிக்கப்படவில்லை. வேலை நிரந்தரம். பால் கொடுக்கிற நேரத்துக்குப் பிள்ளையைக் கரைக்குக் கொண்டுவர மாமிக்குச் சம்மதம், சங்க அறையில் ஒரு கட்டிலும் போட்டாயிற்று. இனி அந்த இடைவெளி இல்லை. பம்பி ஓடும்போது நான் இருப்பேன்.

அன்று வீட்டுக்கு வரும்போது மாமா படலையடியில் நின்று, "துணியை வைச்சிருக்கிறியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "எறிஞ்சு போடு பிள்ளை," என்றார். பிறகு பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போய்விட்டார்.

இப்போது புதுச் சங்கதி ஒன்று. நெடுந்தீவுச் சங்கமும் ஒரு பம்பி எடுத்திருக்கிறது. பூட்டித்தர என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று உள்ளே போய் வர முதல், மாமா வாசலில் நின்று சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டார். வள்ளத்தில் கொண்டுபோவது அவராம். மாமியும் பிள்ளையும் வருவார்களாம். தன் பங்குக்கு என்ன வேலை என்றும் அவரே தீர்மானித்துவிட்டார். "அங்கையும் கடற்சனம்தானே பிள்ளை, சும்மா விடுவினமே? நீ உள்ளை பார். நான் வாசல்லை நிக்கிறன், ஒருத்தனும் ஸ்பனரோடை வரமாட்டான்."

எனக்குப் பயம்தான். பிள்ளையோடு கடல், புது இடம், என்னைத் தெரியாத சனம். ஆனாலும் போக ஆசையாய் இருக்கிறது. ஆனி மாதம் முதல் கிழமை வெளிக்கிடுகிறோம். அதற்கு முதல் உங்கள் கையெழுத்தைப் பார்க்கவேண்டும். மாமாவுக்கும் தனியே இரண்டு வரி எழுதுங்கள், அவர் தன் வாயால் கேட்கமாட்டார். கெதியாய்ப் பதில் போடுங்கள்.

உங்கள் மச்சாள்,
ஜெனீற்றா